கொப்பியில் இருந்த அறுபத்திமூன்று பேர்

9 பெப்ரவரி, வெள்ளி

துஷ்யந்தி மிஸ் சொன்னதால்தான் இதை எழுதுகிறேன். எனக்கு இப்படியெல்லாம் எழுதிப் பழக்கமில்லை. "ஆர் வந்தவை, எத்தினை மணிக்கு வந்தவை, என்ன கேட்டவை, எல்லாத்தையும் அண்டண்டைக்கே எழுதி வையுங்கோ அக்கா. பேந்து கோட்டில கேக்கேக்க ஞாபகமில்லை எண்டு நிக்கக்கூடாது" என்றார். அவர் சட்டத்தரணி. வயது முப்பதுகூட இராது. வவுனியாவிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறார்.

நேற்றுக் காலை ஆறரைக்குக் கொறற்றி அக்காவைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது. மீன் வெட்டிக்கொண்டிருந்த மனுசியைக் கையைக்கூடக் கழுவ விடவில்லையாம். போனையும் எடுத்துக்கொண்டு போனார்கள். பின்னேரமே நீதவானிடம் கொண்டுபோய் 22ஆம் திகதிவரை உள்ளே வைக்க விளக்கமறியல் உத்தரவு வாங்கிவிட்டார்கள். அக்காவுக்காகப் பேசுவது மிஸ்தான்.

குற்றம் என்னவென்றால், "எங்கட காணி" என்ற பேஸ்புக் பக்கத்தில் புதன்கிழமை பகல் பதினொன்று நாற்பதுக்கு ஒரு பதிவு வந்திருக்கிறது. இராணுவ முகாமைக் கொளுத்துவோம், உள்ளே இருப்பவர்களை உயிரோடு விடமாட்டோம் என்று நாலு வரி. புது இணையச் சட்டத்தில் இதற்கு வருடக்கணக்கில் உள்ளே வைக்கலாமாம்.

கொறற்றி அக்கா அந்தப் பக்கத்தில் இதுவரை எழுதியதெல்லாம் ஒன்றுதான். "இண்டைக்கு 411ஆம் நாள்." அடுத்த நாள் 412. மற்றதெல்லாம் வீடியோ. முகாமுக்கு எதிரே கொட்டில் போட்டு, உள்ளே இருக்கும் தங்கள் காணி வளவுகளைத் திருப்பிக் கேட்டுப் பெண்கள் உட்கார்ந்திருப்பதைக் காட்டும் வீடியோ. நாலு வரி எழுத அந்த மனுசிக்கு நாலு நாள் வேண்டும். இது ஊருக்கே தெரியும். பொலிசுக்கு மட்டும் தெரியவில்லை.

என்னைப் பற்றியும் எழுதச் சொன்னார் மிஸ். பெயர் தர்மவதனி. விளாவடிச் சந்தியில் "வதனி கொமினிகேசன்" வைத்திருக்கிறேன். போட்டோக்கொப்பி, ரீலோட், சிம், விண்ணப்பங்கள் அடித்துக் கொடுப்பது. கொட்டிலில் கரண்ட் இல்லாததால் பெண்களின் போன்களுக்கு என் கடையில்தான் சார்ஜ். என் மனுசன் கட்டாரில் இருக்கிறார். பிள்ளைகள் இல்லை.

வந்தவர்கள் விபரம்: செவ்வாய்க்கிழமை, 6ஆம் திகதி, பகல் பதினொரு மணியளவில் நீலச் சேட்டுப் போட்ட ஒருவர் கடைக்கு வந்தார். தமிழ் நன்றாகப் பேசினார். இரண்டு தாள் போட்டோக்கொப்பி எடுத்தார். கடையைச் சுற்றிப் பார்த்தார். போய்விட்டார். அவ்வளவுதான்.

10 பெப்ரவரி, சனி

காலையில் போட்டோக்கொப்பி மெசின் தாளை இழுத்து வைத்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. திறந்து சுத்தம் செய்ய ஒன்றரை மணித்தியாலம். கை முழுக்கக் கறுப்பு.

பத்தரைக்கு இரண்டு பொலிஸ்காரர். கொறற்றி அக்கா கடைசியாக எப்போது ரீலோட் போட்டார் என்று கேட்டார்கள். சொன்னேன். போனார்கள்.

பின்னேரம் துஷ்யந்தி மிஸ் வந்து வாங்கிலில் உட்கார்ந்தார். அவருடைய கேள்வி ஒன்றே ஒன்று. "அந்தப் பக்கத்தின்ர பாஸ்வேட் வேற ஆருக்குத் தெரியும்?"

கொட்டிலில் எல்லோரும் எல்லோருடைய போனையும் எடுத்துப் பேசுவார்கள் என்று சொன்னேன். அது உண்மை. மிஸ் எழுதிக்கொண்டார்.

என் மேசை லாச்சியில் தடித்த மட்டை போட்ட சீ.ஆர். கொப்பி ஒன்று இருக்கிறது, கணக்கு எழுதும் நோட்டு. அதையும் எழுதிவிடுகிறேன். போன வருடம் கொறற்றி அக்காவின் போன் தோணியிலிருந்து கடலுக்குள் விழுந்தது. பாஸ்வேட் ஞாபகமில்லை. முதல் போட்ட பக்கமும் அதிலிருந்த மூன்று மாத வீடியோவும் அப்படியே போய்விட்டன. அன்றைக்குப் பிறகுதான் பெண்கள் ஒவ்வொருவராக வந்து, "பிள்ளை, நீ எழுதி வச்சுக்கொள், எங்களுக்கு உது தலையில நிக்காது" என்று சொல்லத் தொடங்கினார்கள். பெயர், நம்பர், பாஸ்வேட். அறுபத்திமூன்று பேர். பாஸ்வேட்டாக ஒருத்தி செத்த மகனின் பிறந்த திகதி வைத்திருக்கிறாள். ஒருத்தி ஆட்டுக்குட்டியின் பெயர். கொறற்றி அக்கா முகாமுக்குள் மாட்டிக்கொண்ட தன் கிணற்றின் ஆழத்தை வைத்திருக்கிறார், அடிக்கணக்கில்.

எங்கள் ஊரில் எந்தக் கொமினிகேசன் கடையைக் கேட்டாலும் இப்படி ஒரு கொப்பி இருக்கும். இது ஒரு புதினமில்லை.

12 பெப்ரவரி, திங்கள்



மிஸ் மறியற்சாலையில் அக்காவைப் பார்த்துவிட்டு நேரே கடைக்கு வந்தார். முகம் கறுத்துப்போய் இருந்தது. பொலிசில் அக்கா கொடுத்த வாக்குமூலத்தை இப்போதுதான் பார்த்தாராம். போன் முழு நேரமும் தன்னிடம்தான் இருந்தது, பாஸ்வேட் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார்.

"தன்ர கழுத்துக்குத் தானே கயிறு போட்டிருக்கிறா" என்றார் மிஸ். "வேற ஆருக்கும் தெரியும் எண்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அதைப் பிடிச்சுக்கொண்டு பிணை கேட்டிருப்பன். ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள் எண்டு கேட்டா வாய் திறக்கிறா இல்லை."

அடித்திருப்பார்கள், பயத்தில் சொல்லியிருப்பார் என்றேன்.

"இல்லையாம். கேட்டனான்."

கடையைச் சாத்திவிட்டுப் போய்ச் சமைக்கவும் மனமில்லை. பாணும் வாழைப்பழமும் சாப்பிட்டேன்.

13 பெப்ரவரி, செவ்வாய்

ஒருவரும் வரவில்லை. ஒன்றும் நடக்கவில்லை.

15 பெப்ரவரி, வியாழன்

இந்த ஊர்ப் பெண்களை நினைத்தால் எனக்குப் பத்திக்கொண்டு வருகிறது.

கொட்டிலில் ஜெயசீலி என்று ஒருத்தி. முப்பத்தைந்து வயது. கொறற்றி அக்காவின் போனைப் பிடித்து வீடியோ எடுப்பது அவள்தான். அக்கா பேசுவார், இவள் எடுப்பாள். இப்போது எல்லோரும் சேர்ந்து, அவள்தான் அந்தப் பதிவைப் போட்டாள், யாரோ காசு கொடுத்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அவள் பாயில் உட்கார வந்தபோது எழும்பிப் போ என்றார்களாம். போகவில்லை என்று தண்ணீர்க் குடத்தைத் தள்ளி வைத்தார்களாம். தண்ணீர்க் குடத்தை. நானூற்றுச் சொச்சம் நாள் வெயிலில் ஒன்றாக இருந்தவளை.

கொட்டிலுக்குப் போய் ஏசினேன். "கண்டனீங்களே? ஆரும் கண்ணால கண்டனீங்களே?"

"அப்ப ஆர் போட்டது? நீயே சொல்லு" என்று ஒருத்தி கேட்டாள்.

வெயிலாக இருந்தது. கடையையும் பூட்டாமல் வந்திருந்தேன். திரும்பி வந்துவிட்டேன்.

பின்னேரம் ஜெயசீலி ரீலோட் போட வந்தாள். கண் வீங்கியிருந்தது. போட்டுக் கொடுத்தேன். தாங்ஸ் அக்கா என்றாள்.

17 பெப்ரவரி, சனி

இரவு அவர் கட்டாரிலிருந்து போன் எடுத்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உனக்கேன் உந்தத் தேவையில்லாத வேலை? கடையைப் பாத்துக்கொண்டு பேசாமல் இரு" என்றார்.

பேசாமல்தான் இருக்கிறேன் என்றேன். நல்லது என்று வைத்துவிட்டார்.

19 பெப்ரவரி, திங்கள்

பத்து மணி. நீலச் சேட்டுக்காரன் திரும்ப வந்தான். இன்றைக்கு வெள்ளைச் சேட்டு. எனக்கு அவன் நீலச் சேட்டுக்காரன்தான். வந்தார் போனார் என்று எழுதும் மரியாதையும் இத்தோடு முடிந்தது.

வாங்கிலில் உட்கார்ந்து, கடை எப்படிப் போகிறது, வெயில் கூடிப்போச்சு, கரண்ட் பில் ஏறிப்போச்சு என்று ஐந்து நிமிடம் ஊர்க்கதை. பிறகு சொன்னான். "கொட்டில்ல புதுசா ஒரு பக்கம் துடங்கப்போயினமாம் தங்கச்சி. அதுக்கும் உங்களட்டைத்தானே வருவினம். எனக்கு ஒருக்காச் சொன்னீங்களெண்டாப் போதும். போனமுறை மாதிரி."

தெரியாது என்றேன்.

"தெரியாட்டிப் பரவாயில்லை. தெரிஞ்சாப் பிறகு சொல்லுங்கோ" என்று சிரித்துவிட்டுப் போனான். அந்தச் சிரிப்பை மிதித்து அரைக்க வேண்டும் போல இருந்தது.

"போனமுறை மாதிரி" என்று அவன் சொன்னதை எழுதிவிட்டு வெட்டினேன். பிறகு திரும்ப எழுதியிருக்கிறேன். மிஸ் பார்த்தால் கேட்பார். கேட்கட்டும்.

22 பெப்ரவரி, வியாழன்

நீதிமன்றம். காலை ஐந்து மணி பஸ்ஸில் பதினாறு பேர் போனோம். ஜெயசீலி தனியாக அடுத்த பஸ்ஸில் வந்து மதிலோரம் நின்றாள்.

அக்காவைக் கூண்டில் ஏற்றினார்கள். அதே சட்டை. இரண்டு கிழமையில் இவ்வளவு மெலியலாம் என்று எனக்குத் தெரியாது. உழைத்த கை உழைத்த கைதான், கூண்டின் கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் வலைக்கயிறு பிடித்த மாதிரித்தான் இருந்தன. எங்கள் பக்கம் திரும்பி ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தார். என்னிடம் வந்ததும் தலையைச் சின்னதாக ஆட்டினார். வேண்டாம் என்பது மாதிரி.

ஏன் வேண்டாம், என்ன வேண்டாம்?

ஏழு நிமிடத்தில் முடிந்தது. விசாரணை நடக்கிறதாம், போனைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்களாம். மார்ச் 7வரை மறியல். மிஸ் எழுந்து பேசினார். சந்தேகநபரே தனக்கு மட்டும்தான் பாஸ்வேட் தெரியும் என்று சொல்லியிருக்கிறாரே என்று பொலிஸ் தரப்பு சொன்னதும் உட்கார்ந்துவிட்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு யன்னல் கண்ணாடியை உடைக்க வேண்டும் போல இருந்தது.

23 பெப்ரவரி, வெள்ளி

இந்தப் பக்கத்தை மிஸ்ஸுக்குக் காட்டுவேனோ தெரியாது. எழுதாமல் இருந்தால் தலை வெடித்துவிடும்.

6ஆம் திகதி அவன் வந்தது உண்மை. இரண்டு தாள் போட்டோக்கொப்பி எடுத்ததும் உண்மை. என்ன தாள் என்று நான் எழுதவில்லை. ஒன்று என் அம்மாவின் மரணச் சான்றிதழ். மற்றது அம்மாவின் அடையாள அட்டையில் பதிந்து இன்றைக்கும் பாவனையில் இருக்கும் பதினொரு சிம் நம்பர்கள். கண்ணாடியில் வைத்துப் பட்டனை அமத்தும்போதுதான் கண்டேன்.

"அம்மா செத்து மூண்டு வருசமெல்லோ. எண்டாலும் நல்லாக் கதைக்கிறா போல" என்றான்.

அந்தச் சிம்களைக் கொடுத்தது நான்தான். கொட்டில் தொடங்கிய காலத்தில் யார் யார் தங்கள் பெயரில் சிம் வாங்கினார்களோ அவர்கள் வீட்டுக்கெல்லாம் ஆட்கள் வந்து விசாரித்தார்கள். பயந்துபோன பதினொரு பேர் என்னிடம் வந்தார்கள். செத்த மனுசியை ஆர் போய் விசாரிக்கப் போகிறான் என்று நினைத்து அம்மாவின் பெயரில் எடுத்துக் கொடுத்தேன். அப்போது அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

கடையைப் பூட்டலாம், உன்னையும் பூட்டலாம் என்று அவன் சொல்லவில்லை. சொல்லாமலே எனக்கு விளங்கியது. "கொப்பி ஒண்டு வச்சிருக்கிறீங்களாம். ஒருக்காப் பாத்திட்டுத் தாறன்" என்றான்.

கொடுத்தேன்.

எச்சில் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிப் போனில் படம் எடுத்தான். எட்டுப் பக்கம். அவன் எடுத்துக்கொண்டிருக்க நான் பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்தேன். அவன் கேட்கவில்லை. நானாகத்தான் கொடுத்தேன். அவனை நினைத்து வரும் ஆத்திரத்தைவிட அந்தத் தேத்தண்ணியை நினைத்து வரும் ஆத்திரம் கூட.

மற்றதையும் எழுதுகிறேன். புதன்கிழமை பதினொன்று நாற்பதுக்கு அந்தப் பதிவு வந்தபோது கொறற்றி அக்காவின் போன் என் கடையில் சார்ஜில் கிடந்தது. ஒன்பது மணிக்குக் கொண்டுவந்து தந்தவர் இரண்டு மணிக்குத்தான் வந்து எடுத்தார். போன் சத்தம் போட்டுக்கொண்டே இருந்தது. என்னுடைய போனில் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். பார்த்த உடனே இது அவன் வேலை என்று விளங்கியது. பாஸ்வேட் எனக்குத் தெரியும். உள்ளே போய் அழிக்க ஒரு நிமிடம் போதும். நான் அழித்தால் நான் உள்ளே போனது தெரிந்துவிடும் என்று பயந்து விட்டுவிட்டேன். அக்கா வந்து போனை எடுக்கும்போதும் ஒன்றும் சொல்லவில்லை. வெயிலாக இருக்கு, குடையைக் கொண்டுபோங்கோ என்றேன்.

பொலிசைத் திட்டினேன், ஊர்ப் பெண்களைத் திட்டினேன், கட்டாரில் இருக்கும் மனுசனைத் திட்டினேன். ஜெயசீலி தாங்ஸ் அக்கா என்றாள்.

24 பெப்ரவரி, சனி

மிஸ்ஸிடம் கொப்பியையும் இந்தப் பக்கங்களையும் கொடுத்தேன். வாங்கிலில் உட்கார்ந்து வாசித்தார். வாசித்து முடித்து மேசையில் வைத்தார்.

"பதினாறு நாள் அக்கா" என்றார். "பதினாறு நாளா நான் உங்கட கடையில வந்து இருந்து உங்களையே கேட்டுக்கொண்டிருக்கிறன்."

ஓம் என்றேன்.

கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றுவிட்டு வந்தார். "அவனுக்குக் கோட் ஓடர் இல்லாமல் ஒருத்தற்ற பாஸ்வேட்டையும் பாக்க உரிமையில்லை. ஆர் எண்டு அடையாளம் காட்டச் சொல்லிக் கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு. எழுத்தில தா எண்டு கேக்கலாம். அவன் செய்தது குற்றம். நீங்கள் பயந்தது குற்றமில்லை. பேந்து பேசாமல் இருந்தீங்கள் பாருங்கோ, அதுக்கு எனக்குப் பேர் தெரியேல்லை."

என் சிம் விசயமும் வெளியே வரும், வழக்குப் போடுவார்கள், கடையும் போகலாம் என்று மறைக்காமல் சொன்னார். நடந்ததைச் சத்தியம் பண்ணி எழுதி நீதிமன்றத்துக்குச் சத்தியக்கடதாசி கொடுக்க விருப்பமா என்று கேட்டார். ஓம் என்றேன். இந்தச் சந்தியில் யாருக்குச் சத்தியக்கடதாசி தேவையென்றாலும் அடித்துக் கொடுப்பது நான்தான். என்னுடையதையும் நானே அடித்தேன். ஆறு பந்தி. தேத்தண்ணியையும் போடட்டுமா என்று கேட்டேன். அது தேவையில்லை என்றார்.

புதன்கிழமைக்கு வழக்கை முன்னுக்கு எடுக்க மனுப் போடுகிறார். அதுவரை கொட்டிலில் யாருக்கும் சொல்ல வேண்டாமாம். எல்லோரும் ஒரேயடியாகப் பாஸ்வேட் மாற்றினால் அவனுக்கு விளங்கிவிடும், வேறு ஏதாவது சோடித்துக்கொண்டு வருவான். புதன்கிழமை கடதாசி நீதிமன்றத்துக்குள் போன பிறகு ஒரு நாளும் தாமதிக்காமல் எல்லோரும் மாற்ற வேண்டும்.

"கொறற்றி அக்காவுக்கு மட்டும் நான் முதல் சொல்லவேணும் மிஸ்" என்றேன். சரி என்றார்.

26 பெப்ரவரி, திங்கள்

கிராம சேவகரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு மறியலுக்குப் போனேன். இரண்டு மணித்தியாலம் வரிசை. கொண்டுபோன இடியப்பப் பார்சலைக் குத்திக் கிளறிப் பார்த்துவிட்டுத் தந்தார்கள். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் அக்கா. பார்சலைக் கீழ் இடுக்கால் உள்ளே தள்ளினேன்.

நான் வாயைத் திறக்க முதல் அவரே தொடங்கினார். "ஏன் வந்தனி? உனக்குத்தான் கோட்டில வச்சுத் தலையாட்டிச் சொன்னனான். வராத, ஒண்டும் கதையாத எண்டு."

"ஏனக்கா எனக்கு மட்டும்தான் பாஸ்வேட் தெரியும் எண்டு சொன்னனீங்கள்?"

அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "வேறென்னத்தைச் சொல்லச் சொல்லுறாய்? உன்ர பேரைச் சொன்னா நேர கடைக்குத்தான் வருவாங்கள். உன்ர கொப்பியில எல்லாற்றையும் கிடக்கு. அது அவங்கட கையில போனா கொட்டில்ல ஒருத்தியும் மிஞ்சமாட்டாள். நான் ஒருத்தி உள்ளுக்க இருந்தாப் பரவாயில்லை எண்டுதான் சொன்னனான். போன் சார்ஜில கிடந்ததையும் அதுக்குத்தான் சொல்லேல்லை. கொப்பியைக் கொளுத்திப் போட்டியே?"



"அக்கா, கொப்பி அவங்கட கையில போயிட்டுது."

"எப்ப?"

"உங்களைப் பிடிக்க ரெண்டு நாளைக்கு முதல். நான்தான் குடுத்தனான்."

எல்லாவற்றையும் சொன்னேன். சிம், மரணச் சான்றிதழ், எட்டுப் பக்கம்.  பக்கத்தில் ஒரு பெண் தன் மகனிடம் உரத்த குரலில் அழுதுகொண்டிருந்தாள்.

"அப்ப நான் ஆரைக் காப்பாத்த இஞ்ச இருக்கிறன்?" என்று கேட்டார்.

 பதினெட்டு நாள். நுளம்புக்கடிக்கும் நாற்றத்துக்கும் நடுவில், ஒரு பொய்யை விடாமல் பிடித்துக்கொண்டு பதினெட்டு நாள். ஏற்கெனவே பறிபோன ஒன்றுக்காக.

"ஜெயசீலியை அவையள் கொட்டிலுக்க விடுறதில்லையாம், உண்மையே?" என்றார்.

"ஓமக்கா."

"நீ அதையும் பாத்துக்கொண்டு இருந்தனியே?"

"ஓமக்கா."

"போ" என்றார். நேரம் இன்னும் இருந்தது. இடியப்பப் பார்சலை வலையின் கீழ் இடுக்கால் திருப்பி என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார்.

27 பெப்ரவரி, செவ்வாய்

பகல் ஒரு மணிக்கு அவன் வந்தான். மறியலுக்குப் போய் வந்தது தெரிந்திருக்கிறது. "கொறற்றி அக்கா சுகமே?" என்று கேட்டுக்கொண்டு உட்காரப் போனான்.

"இருக்காதேங்கோ" என்றேன். "உங்கட பேர் என்ன? எந்த இடம்? அடையாள அட்டையைக் காட்டுங்கோ."

சிரித்தான்.

"என்ன வேணுமெண்டாலும் எழுத்தில தாங்கோ. கோட் ஓடர் இருந்தாக் காட்டுங்கோ. இல்லையெண்டா வெளியில போங்கோ." சத்தமாகத்தான் சொன்னேன். பக்கத்துச் சைக்கிள் கடைக்காரர் சாவியோடு எழுந்து வாசலில் வந்து நின்றார். பஸ்ஸுக்கு நின்ற இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அம்மாவை மறந்திட்டீங்கள் போல" என்றான்.

"மறக்கேல்லை. நாளைக்குக் கோட்டில நானே சொல்லுவன்."

வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மிஸ் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றதை அவனிடமே சொல்லிவிட்டேன். அவன் முகம் மாறியது. போய்விட்டான். மிஸ்ஸுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். "கடவுளே" என்றவர், "சரி, ஒரு நாள்தானே. கடையைப் பூட்டிப்போட்டு இப்பவே வவுனியாவுக்கு என்ர வீட்டை வாங்கோ" என்றார். அவர் வீட்டில் இருந்துதான் இதை எழுதுகிறேன். அவருடைய அம்மா புட்டு அவித்துத் தந்தார். சாப்பிட்டேன்.

28 பெப்ரவரி, புதன்

கடதாசி உள்ளே போனது. நீதவான் ஆறு பந்தியையும் வாசித்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு பொலிஸ் பக்கம் திரும்பி, அன்றைக்குப் பகல் போன் எங்கே இருந்தது என்று விசாரித்தீர்களா என்று கேட்டார். விசாரணை நடக்கிறது என்றார்கள். அந்தப் பதிவு இந்தப் போனிலிருந்துதான் போடப்பட்டது என்பதற்கு ஏதாவது வந்திருக்கிறதா என்று கேட்டார். அதுவும் நடக்கிறதாம். கடதாசியில் சொல்லப்பட்ட அந்த ஆள் யார் என்று கேட்டார். அப்படி ஒருவர் எங்களிடம் இல்லை என்றார்கள். இருபது நாளாக ஒரு மனுசியை உள்ளே வைத்திருக்கிறார்கள். வைத்தவன் இல்லவே இல்லையாம்.

பிணை கிடைத்தது. இரண்டு ஆட்பிணை. கிழமைக்கு ஒருமுறை கையெழுத்து. வழக்கு முடியும்வரை கொறற்றி அக்கா போனோ இணையமோ பாவிக்கக் கூடாது. செய்யாத குற்றத்துக்கு வாயைக் கட்டிவிட்டு அதற்குப் பெயர் பிணை.

எனக்கும் ஒரு கடிதம் தந்தார்கள். சிம் சம்பந்தமாகத் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பொலிசுக்கு வர வேண்டும்.

வாசலில் எல்லோரும் அக்காவைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். நான் கிட்டப் போகவில்லை. போகும்போது அக்காவே என்னிடம் வந்தார். "நாளைக்குக் காலமை கொட்டிலுக்கு வா. எல்லாற்றையும் மாத்தவேணுமெண்டு மிஸ் சொல்லுறா. மாத்துற விதம் வேற ஆருக்கும் தெரிஞ்சிருந்தா உன்னைக் கூப்பிட்டிருக்கமாட்டன்."

29 பெப்ரவரி, வியாழன்

434ஆம் நாள். இன்றைக்கு அதைப் பதிவதற்கு ஆளில்லை.

எட்டரைக்குப் போனேன். கொப்பியில் அக்காவைத் தவிர்ந்த மற்ற அறுபத்திரண்டு பேரும் வந்திருந்தார்கள். கொட்டிலுக்குள் இடமில்லாமல் வேம்புக்குக் கீழேயும் நின்றார்கள். நேற்று நீதிமன்றத்துக்கு வராதவர்களுக்கும் விசயம் போயிருந்தது. யாரும் வா என்று சொல்லவில்லை. நடுவில் நின்று நானே திரும்ப ஒருமுறை எல்லாவற்றையும் சொன்னேன். ஒருத்தி காறித் துப்பினாள். அம்மாவின் பெயரில் சிம் வைத்திருந்த பதினொரு பேரும் ஒரு பக்கமாகத் தலை குனிந்து நின்றார்கள். உங்கள் பெயர் ஒன்றும் கடதாசியில் இல்லை என்று அவர்களுக்குச் சொன்னேன்.

ஜெயசீலி பாயில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இடம் விட்டு நகர்ந்திருந்தார்கள். மன்னிப்பு யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. தண்ணீர்க் குடம் அவளுக்குப் பக்கத்தில் இருந்தது. அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள். "ரெண்டு கிழமை இவையள் என்னைத் துரத்தினவை. இவையளுக்கு உண்மை தெரியாது. உங்களுக்குத் தெரியும். எனக்கு ரீலோட் போட்டுத் தந்தனீங்கள்."



பிறகு வேலை தொடங்கியது. எங்கே அமத்துவது, பழையதை எங்கே போடுவது, புதியதை எங்கே இரண்டு தரம் போடுவது என்று சத்தமாகச் சொன்னேன். பிறந்த திகதி போடாதேங்கோ, ஆட்டின் பெயர் போடாதேங்கோ, இனி ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ, எனக்கும் சொல்லாதேங்கோ. எழுத்துத் தட்டத் தெரியாத ஒன்பது பேருக்கு ஜெயசீலி விரலைப் பிடித்துக் காட்டிக் கொடுத்தாள். ஒருத்தி பழக்கதோசத்தில், "பிள்ளை, நீயே ஒண்டைப் போட்டுவிடன்" என்று போனை என்னிடம் நீட்டினாள். நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

கொறற்றி அக்காவுக்கு மாற்ற ஒன்றுமில்லை. போன் பொலிசில், பக்கம் முடக்கம், தொடவே கூடாது என்று தடை. ஒரு கதிரையை இழுத்து எனக்கு நேரே போட்டு உட்கார்ந்தார். "அவையள் போடேக்க என்னைப் பார். அங்கால இங்கால பாக்காத" என்றார்.

பார்த்தேன். அறுபத்திரண்டு பேரும் ஒவ்வொருவராகப் போட்டு முடிக்கும்வரை அந்த மனுசி என் கண்ணை விட்டுத் தன் கண்ணை எடுக்கவில்லை. ஒன்றேகால் மணித்தியாலம். எதிரே முகாம் வாசலில் காவலுக்கு நின்றவனும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா அவன் பக்கம் திரும்பவே இல்லை.

கடைசி ஆள் முடிந்தது என்றதும் எழுந்து கதிரையை மடித்தார். நானும் போகத் திரும்பினேன்.

"திங்கக்கிழமை எத்தினை மணிக்கு?" என்று பின்னால் கேட்டார்.

"ஒன்பது."

"ஏழு மணி பஸ்ஸில போவம். மிஸ்ஸையும் வரச் சொல்லியிருக்கிறன். ஜெயசீலியும் வாறாள்." பிறகு, நான் ஏதும் தப்பாக விளங்கிவிடுவேன் என்று நினைத்தாரோ என்னவோ, "கோவம் எனக்கு அப்பிடியேதான் கிடக்கு" என்றும் சொன்னார். "ஆனா உவங்களட்டை ஒருத்தியும் இனித் தனியப் போறேல்லை."